பச்சை வளையம் போட்ட கம்பு

மயிலாப்பூரில் ஜமீலுன்னிசாவின் நாற்காலியில் உட்காராத ஆள் கிடையாது. கல்யாணமோ, காதுகுத்தோ, கட்சிக் கூட்டமோ, மய்யத்து வீடோ, கச்சேரி ரோடு சந்தில் இருக்கும் அவள் வாடகைக் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். இரண்டாம் வகுப்போடு ஸ்லேட்டைத் தூக்கிப் போட்டவள் அவள். புருஷன் போன பிறகு தனி மனுஷியாக நின்று ஒரு கொட்டகை நிறையப் பந்தல் சாமான் சேர்த்தாள். அதைச் சொல்லிக்கொள்ளாத நாளே இல்லை. எழுத்து வராததால் ஆர்டரெல்லாம் போனில் வாய்ஸ் மெசேஜாகத்தான் வரவேண்டும். சவுக்குக் கம்பு ஒவ்வொன்றின் தலையிலும் பச்சை பெயின்ட்டில் ஒரு வளையம். "போர்டு எதுக்கு? இதான்யா என் கையெழுத்து" என்பாள்.

எம்.பி. இடைத்தேர்தல் அன்று அந்த வளையமே வினையாக வந்தது. பள்ளிக்கூட வாக்குச்சாவடிக்கு வெளியே இரண்டு கட்சி ஆட்களும் அடித்துக்கொண்டார்கள். மணிமொழி என்ற பூத் ஏஜென்ட்டின் மண்டை உடைந்தது. ஓட்டுப் பதிவு நின்றது. ரத்தத்தோடு தெருவில் கிடந்த கம்பில் பச்சை வளையம். அதில் ஒரு கட்சிக்குப் பந்தல் போட்டுக் கொடுத்த கஜபதியைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றியது. அடிக்கக் கம்பு கொண்டுவந்து இறக்கியவன் அவன்தானாம்.

கஜபதி அவளிடம் பல வருஷமாக வேலை செய்பவன். கொட்டகைச் சாவி ஒன்று அவன் அரைஞாண் கயிற்றிலேயே தொங்கும். இருந்தாலும் ஜமீலுன்னிசா யாரையும் முழுசாக நம்பி முன்னுக்கு வந்தவள் இல்லை. போன வாரம் புது போன் வாங்கினானே, எப்படி? அந்தக் கட்சிக்காரன் லோகுவோடு டீக்கடையில் என்ன குசுகுசு? அன்று சாயங்காலமே கொட்டகைக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டாள்.

மறுநாள் காலை சாமான் திரும்பி வந்தது. வண்டியோடு லோகுவும் வந்தான்.

"பாயம்மா, போலீஸ் கேட்டா கொட்டாயில கம்பு திருடு போச்சுன்னு சொல்லிடு. வெற்றி விழாப் பந்தல் மொத்தமும் உனக்குத்தான்."

"திருடுனது யாருப்பா?"

"அதான் உள்ள கீறானே உன் ஆளு. நமக்கு இன்னாத்துக்கு வம்பு?"

இவன் எதற்கு இவ்வளவு அவசரப்படுகிறான்? "பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டுக் கம்புகளை உருட்டிப் பார்த்தாள். பந்தலுக்காக மண் நிரப்பிய டின்னில் நட்ட கம்பு என்றால் அடியில் ஈர மண் அப்பியிருக்கும், தலையில் கயிறு உரசிய தடம் இருக்கும். ஒரு கட்டு மட்டும் கடையிலிருந்து போனபடியே சுத்தமாக இருந்தது. அதிலும் நாலைந்து குறைச்சல். அந்தக் கம்புகள் பந்தலுக்காகப் போனவையே அல்ல.

போனை எடுத்து, தேர்தலுக்கு முந்தின நாள் வந்த லோகுவின் மெசேஜைப் போட்டாள். "காத்து அடிக்குது பாயம்மா, ஒரு கட்டு சேத்து அனுப்பு." அன்று ஒரு இலைகூட அசையவில்லை. அந்தக் கட்டை ஏற்றி அனுப்பச் சொல்லிக் கஜபதியிடம் சொன்னவளும் அவள்தான்.

சுத்தமானது ஒன்று, மண் ஒட்டியது ஒன்று என்று இரண்டு கம்பை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். வராந்தாவில் லோகு டீ குடித்துக்கொண்டிருந்தான். பந்தோபஸ்துக்காக அவள் கொடுத்திருந்த நாற்காலியில்.

"எந்திரி. அது என் சேர்."

"இன்னா பாயம்மா, காலங்காத்தால..."

"எந்திரிடா! சேர் குடுத்தவ நானு. கம்பு குடுத்தவளும் நானு. கேட்டவன் யாருன்னு ஐயா கேக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் மெசேஜை இரண்டு தரம் கேட்டார். அவளையும் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். பிறகு லோகுவை உள்ளே கூப்பிட்டார்.

சாயங்காலம் கஜபதியை விட்டார்கள். சுத்தமான கம்பைப் போலீஸ் வைத்துக்கொண்டது. மண் ஒட்டியதை அவன் தோளில் போட்டுக்கொண்டான்.

"நான் இல்லாட்டி உன் கதி இன்னாடா? இந்த மயிலாப்பூர்ல எவளுக்கு இந்தத் தைரியம் வரும், சொல்லு?" வழியெல்லாம் அவள்தான் பேசினாள்.

கொட்டகை வாசலில் கஜபதி சாவியைப் பூட்டில் நுழைக்கப் பார்த்தான். உள்ளே போகவில்லை. குனிந்து பார்த்தான். பூட்டு பளபளத்தது.

"பழசு துருப் புடிச்சிருச்சு" என்றாள்.

"நேத்தா பாயம்மா?"

அவள் புதுச் சாவியை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"நீயே தொற."

கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, அரைஞாண் கயிற்றிலிருந்து பழைய சாவியை அவிழ்க்க ஆரம்பித்தான். முடிச்சு இறுகிக் கிடந்தது.