ஆட்டக் கூடாத பிளாஸ்க்

பெங்களூரிலிருந்து வருகிற பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் சவுரியப்பன் பிளாஸ்கைக் காதருகே தூக்கிக் கடகடவென்று ஓர் ஆட்டு ஆட்டுவார். உள்ளே ஐஸ் சத்தம் கேட்டால்தான் வெற்றிலை மடிப்பார். நல்லம்பள்ளிப் பக்கம் சைக்கிளில் குச்சி ஐஸ் விற்கிற மனிதர். பெட்டியை ஆட்டியே சரக்கு உருகியதா இல்லையா என்று சொல்லிவிடுகிற காது.

பிளாஸ்கில் இருப்பது அவர் மனைவி ராணியம்மாளுக்கான ஊசி மருந்து. அவளுக்குக் கழுத்தில் புற்றுக்கட்டி. பெங்களூர் டாக்டர் ஆராய்ச்சியாக இரண்டு புது மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார். நோயை எதிர்க்கச் சொல்லி உடம்பு தனக்குத்தானே அனுப்பிக்கொள்கிற சேதிகளாம் அவை. புரதச் சரக்கு, சூடு ஆகாது. ஒன்றை மட்டும் போட்டபோது கட்டி சட்டை செய்யவில்லை. இரண்டும் சேர்ந்தபின் வளருகிற வேகம் குறைந்திருக்கிறது.

"அதெப்படிண்ணா?" என்று டீக்கடையில் யாராவது கேட்டுவிட வேண்டும்.

"ஹாரன் மட்டும் அடிச்சா எந்தப் புள்ள வருது? கத்துனா மட்டும் வருதா? ரெண்டையும் சேத்து வுட்டுப் பாரு, சோத்துத் தட்டோட ஓடியாரும். ஒடம்பும் அப்படித்தான்டா."

சவுரியப்பன் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவனுடைய டீ ஆறிப்போகும்.

ஒரு வாரம், ஊசி போட வந்த நர்ஸ் இன்னாசியம்மாள் மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேலே நுரை.

"ஆட்டுனீங்களா?"

"ஐஸ் இருக்குதான்னு பாத்தனுங்க சிஸ்டர்."

"வழி பூராவா?"

"பஸ் நின்ன எடத்துல மட்டுந்தானுங்க."

"நல்லா மோரு கடைஞ்சிருக்கீங்க. குலுக்குனா இது கெட்டுப்போயிருங்க. இதைப் போட முடியாது. அடுத்த மருந்து வர்ற வரைக்கும் அம்மாவுக்கு ஊசி இல்ல."

அந்த வாரம் சவுரியப்பன் வியாபாரத்துக்குப் போகவில்லை. மனைவியின் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வூட்டிலேயே கிடந்தார். "கை வெச்சே வளத்துருவீங்க போல, அந்தண்ட போங்க" என்று ராணியம்மாள் விரட்டினாள்.

இப்போது பிளாஸ்க் துண்டு சுற்றிக்கொண்டு அவர் மடியில் உட்கார்ந்து வருகிறது. பஸ் நின்றால் வலது கை தானாக எழும்பும். இடது கை அதைப் பிடித்து அமர்த்தும். இதைக் கேள்விப்பட்ட ராணியம்மாள், "என்னைய ஒரு நாளாச்சும் இப்படி மடியில வெச்சிருப்பீங்களா?" என்கிறாள்.

நல்லம்பள்ளியில் இறங்கினால் ஊர்வரை ஜல்லி ரோடு. மருந்து வருகிற நாளில், பஸ் நிறுத்தத்தில் விட்டுப்போன சைக்கிளில் அவர் ஏறுவதே இல்லை, தள்ளிக்கொண்டுதான் நடக்கிறார். வண்டியைக் கண்டதும் பிள்ளைகள், "ஐஸு மாமா, ஐஸு" என்று கூவிக்கொண்டு ஓடிவருகிறார்கள். சவுரியப்பன் சைக்கிளை இடுப்பில் சாய்த்து, ஒரு கையால் பிளாஸ்கை நெஞ்சோடு அணைத்து, தூங்குகிற குழந்தையைத் தூக்கி வருகிறவரைப்போல் உதட்டில் விரல் வைக்கிறார்.