உப்பில்லாத ஆடி மாதம்

முதலில் போனது தூக்கம். விடியுமுன்னே சாமைக் கொல்லைக்குப் போய்விடுவேன். மூன்று பேர் பிடுங்கும் களையை ஒருத்தியாகப் பிடுங்குவேன், பாட்டு வேறு. "மருமவள்னா இவள மாதிரி இருக்கணும்" என்று ஊரே பேசியது. அதை நோய் என்று ஒருவரும் நினைக்கவில்லை. உழைக்கிற நோய் யாருக்குக் கசக்கும்?

பிறகு விழுந்தேன். தலை சீவக்கூடக் கை எழவில்லை. சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தேன். "இன்னாமே, திமிரா?" என்றார் மாமியார். எழுபதுகளின் கடைசியில், காவலூருக்கு மேலே எங்கள் மலையில், இந்த நோய்க்கு இருந்த ஒரே பெயர் அதுதான். இதைப் படிக்கிற உங்களுக்கும் யாராவது அதே பெயரை வைத்திருப்பார்கள். நம்பித் தொலைக்காதீர்கள்.

கணவர்தான் வேலூருக்குக் கூட்டிப்போனார். மாமியாரும் கூட வந்தார். மனநிலைக் கோளாறு (உற்சாகம் அளவுமீறி ஏறுவதும், பிறகு அடியோடு இறங்குவதும், இரண்டும் ஒரே நோய்) என்றார் மருத்துவர்.

"இது பரம்பரையா வரலாம். மனசுல அடக்கி வெச்ச கோபம் வெளிய போக வழியில்லாம நம்ம மேலயே திரும்புறதும் உண்டு. உனக்கு யார் மேலம்மா கோபம்?"

ஒரு பக்கம் கணவர், மறுபக்கம் மாமியார். அவர்களை வெளியே அனுப்பாமலே இப்படிக் கேட்டார், மகானுபாவர். "யார் மேலயும் இல்லீங்க" என்றேன். என் குழந்தை செத்தபோது அழ விடாமல் கொல்லைக்கு அனுப்பியவர்களை வைத்துக்கொண்டு வேறென்ன சொல்வது?

லித்தியம் (மனம் ஏறி இறங்குவதைக் கட்டுப்படுத்தும் ஒருவகை உப்பு) மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக மனம் தரைக்கு வந்தது. தூங்கினேன். குழந்தையை நினைத்து அழுதேன். அழுதுவிட்டு எழுந்து களி கிண்டினேன்.

மாமியாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆடி முழுக்கத் தானும் நானும் உப்பில்லாமல் சாப்பிடுவதாக அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். களியில் உப்பில்லை, கீரையில் உப்பில்லை. மாத்திரையை மட்டும் விடாமல் போட்டுவந்தேன். கை உதறியது. வாந்தி, பேதி. நாக்குக் குழறியது. "ஆத்தா எறங்குறா" என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கணவர் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

உடம்பில் உப்புக் குறைந்தால் லித்தியம் வெளியேறாமல் தேங்கி விஷமாகும் என்று மருத்துவர் அப்போதுதான் சொன்னார். முதல் நாளே சொல்ல என்ன கேடு? மனசின் அடி ஆழம்வரை தோண்டினவர், நான் என்ன தின்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. நீங்கள் கேளுங்கள். எதைத் தின்னலாம், எதை விடக்கூடாது என்று அவர் சொல்லும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.

பிழைத்தேன். குறைந்த அளவில் மறுபடி மாத்திரை. ஊருக்கு நாள் விதைப்பு, அறுப்பு என்று நகர்கிறது. எனக்குக் காலை மாத்திரையிலிருந்து ராத்திரி மாத்திரைவரை நகர்கிறது. சந்தோஷம் வந்தால்கூட, இது என்னுடையதா, நோயுடையதா என்று நின்று பார்க்கிறேன்.

மறு ஆடி வந்தது. "கொறயா நின்ன வேண்டுதல முடிச்சிடலாம்மே" என்றார் மாமியார்.

"நான் செத்தாதான் உங்க வேண்டுதல் முடியுமா, அத்த?" என்று கத்தினேன். கல்யாணமாகி அந்த வீட்டில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. கணவர் பதறி எழுந்து வந்தார்.

"மாத்திர போட்டியா?"

"போட்டுட்டேன். இது நோவு இல்லீங்க, கோவம்."