மறதிக்காரரின் பித்தப்பை

சைக்கிள் கடைக்காரரின் மறதி ஊரறிந்த விஷயம். கல்யாண நாள், மனைவியின் பிறந்தநாள், மச்சினன் வீட்டு விசேஷம், எதுவும் அவர் மண்டையில் தங்காது. கடையில் மட்டும் எந்த டப்பாவில் எந்த நட்டு கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அதெப்படி என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

எழுபத்திரண்டு வயதில் பித்தப்பையில் கல் வந்தது. முழு மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டுமாம். "இந்த வயசுல சிலருக்கு மயக்கம் தெளிஞ்சப்புறம் கொஞ்ச நாள் ஞாபகம் தடுமாறும். பெரும்பாலும் சரியாயிடும், கவனிச்சுக்கோங்க" என்றார் டாக்டர்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவர் முதல் காரியமாக நர்ஸைக் கூப்பிட்டு, "கட்டில் சக்கரம் ஆடுது, ஒரு ஸ்பேனர் கொண்டாம்மா" என்றார். டாக்டர் சொன்னது பலித்துவிட்டது என்று மகன் பயந்தான். சக்கரம் உண்மையிலேயே ஆடியது. அதை யார் குனிந்து பார்த்தார்கள்! கடையை மூடிவிடுவது என்று அங்கேயே முடிவு கட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த கடைக்காரர் கெஞ்சிப் பார்த்தார், கத்திப் பார்த்தார். கடை இல்லாவிட்டால் மனுஷன் செத்தே போவார். "என் மூளையைத்தான் சோதிச்சுப் பாருங்களேன்!" என்றார். கேள்வி கேட்க மனைவி எதிரில் உட்கார்ந்தார்.

கல்யாண நாளைப் பளிச்சென்று சொன்னார். பிறந்தநாளைச் சொன்னார். மச்சினன் மகளுக்கு நிச்சயமான தேதியைக்கூடச் சொன்னார். மகன் முகம் மலர்ந்தது. மனைவி முகம் மலரவில்லை.

"எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது என்னிக்கு?"

கடைக்காரர் மகனின் சட்டைப்பையை ஒரு தரம் பார்த்தார். "செவ்வாக்கிழமை. காலையிலேர்ந்து மழை."

"அன்னிக்கு நான் தனியா கெடந்தேன். சாயங்காலம் வந்து, மறந்தே போச்சுன்னு சொன்னீங்க."

"மறக்கலடி" என்றார் தரையைப் பார்த்து. "ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன். உன்ன மயக்கத்துல போட்டுட்டு, எழுப்ப முடியலன்னு வந்து சொன்னா என்ன பண்றது? உள்ள வராம அப்படியே திரும்பிட்டேன்."

அந்த அம்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இருபது வருஷமாக, இந்த ஆளுக்குத் தான் ஒரு பொருட்டே இல்லை என்று நம்பிக்கொண்டு சோறு போட்டிருக்கிறார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மகன் பக்கம் திரும்பினார்.

"சாவியக் குடுத்துடுடா. மூளை நல்லாத்தான் இருக்கு. பாவி மனுஷன், வாசல் வரைக்கும் வந்துட்டுப் போயிருக்காரு."