மணக்காத மொக்கு

தெரியாமல் செய்த தீங்குக்கு ஒருவர் எவ்வளவு தூரம் பொறுப்பு? எண்ணம் இல்லாத இடத்தில் குற்றம் இல்லை என்று வாதிடலாம். விளைவு யாருடைய எண்ணத்தையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை என்றும் வாதிடலாம். மாதுங்காவில் பூ விற்கும் அகிலாண்டத்தின் வாழ்க்கை இந்தக் கேள்வியை இன்னும் கடினமாக்கிக் கேட்டது: தீங்கு தன்னால்தான் வந்தது என்பதே நிச்சயமில்லாதபோது என்ன செய்வது?

அகிலாண்டத்தை உத்தமி என்று சொல்ல மாட்டேன். நாங்குநேரிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி தாராவிக்கு வந்தவர். கணவர் போனபின் மாதுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே பூக்கடை போட்டார். முழம் போடும்போது கை சற்றுக் குறுகும். வாய் மட்டும் குறுகாது. ஆனால் அவர் கடைப் பூவில் நேற்றைய மொக்கு ஒன்றுகூட இருக்காது. விடிவதற்குள் தாதர் பூச்சந்தைக்குப் போய், கூடைக்குள் முகத்தைப் புதைத்து ஒரு மூச்சு இழுப்பார். அந்த ஒரு மூச்சில் மொக்கு இன்று பறித்ததா, நேற்றுப் பறித்துத் தண்ணீர் தெளித்ததா என்று சொல்லிவிடுவார். சந்தையில் இதற்கு அப்பீல் கிடையாது.

குண்டுமல்லியைப் பெரும்பாலும் சோமியிடம்தான் வாங்குவார். சோமி வார்லி ஆதிவாசிப் பெண். ஜவ்ஹாருக்கும் அப்பால், தார்ச்சாலை விட்டு இறங்கி, ஓடை தாண்டி நடந்தால் வருகிற மலைச்சரிவுக் குடியிருப்பு அவருடையது. அங்கே அதைப் ‘பாடா’ என்பார்கள். செல்போன் அங்கே எடுக்காது. வாரத்தில் சில நாள் ஜீப்பிலும் ரயிலிலுமாக தாதருக்கு மூட்டை கொண்டுவருவார். இருவரும் பேசிக்கொண்டது ஆளுக்குப் பாதி தெரிந்த மராத்தியில். சோமி இவரை ‘மாவ்ஷி’ என்பார், சித்தி என்கிற மாதிரி.

கொரோனாவின் முதல் வருஷம் தாராவி பட்ட பாட்டை எல்லோரும் அறிவார்கள். சோமியின் பாடாவில் ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. அவர்கள் மரக்கிளைகளை வெட்டி ஓடைப் பாதையை அடைத்துவிட்டார்கள்; வெளியார் வரவில்லை, உள்ளிருப்பவர் போகவில்லை. மறுவருஷம் மாசியில் ரயில் ஓடத் தொடங்கியபின்தான் கிளைகளை விலக்கினார்கள். மல்லி பூத்துவிட்டது, விற்காமல் என்ன செய்வது?

பங்குனியில் ஒரு காலை, அகிலாண்டம் சோமியின் கூடையில் முகம் புதைத்தார். மணம் இல்லை. முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு மறுபடி இழுத்தார். அப்போதும் இல்லை. பழைய மொக்கை ஐஸில் போட்டு வைத்து ஏமாற்றப் பார்க்கிறாய் என்று சந்தை கேட்கச் சத்தம் போட்டார். சோமி தன் முகத்துணியை விலக்கி அதே கூடையில் முகம் வைத்துப் பார்த்து, மணக்கிறதே மாவ்ஷி என்றார். அகிலாண்டம் கூடையைப் பிடுங்கித் தன் மூக்கில் வைத்து, பின்பு சோமியின் மூக்கில் திணித்தார்.

“இது பூவா, பஞ்சா? நீயே சொல்லு.”

சோமி மூட்டையை அப்படியே கட்டி எடுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டார்.

அன்று சாயங்காலம் தாராவி வீட்டில் மருமகள் மாரிசெல்வி கருவாடு பொரித்தாள். பக்கத்து வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அடுப்புக்கு அருகிலேயே உட்கார்ந்திருந்த அகிலாண்டம், என்ன குழம்பு என்று கேட்டார். மாரிசெல்வி கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள்.

“அத்த, கருவாடுல்லா பொரிக்கேன். ஒங்களுக்கு வாட தெரியலையா?”

அந்தச் சந்துக்கு அதன் அர்த்தம் நன்றாகத் தெரியும். மறுநாள் பரிசோதனை, அடுத்து தனிமை முகாமில் ஒரு கட்டில். மூச்சுத் திணறல் பெரிதாக இல்லை. அவருடைய பயம் வேறு. ஒரு வருஷம் கிளைகளை வெட்டி அடைத்துக் காப்பாற்றிய பாடாவுக்குள், தான் மூக்கை வைத்த ஒரு கூடை போயிருக்கிறது. ஆஸ்பத்திரி அங்கிருந்து எட்டாத தூரம். பத்துப் பதினைந்து வீட்டில் ஒன்றில் புகுந்தால் எல்லாவற்றிலும் புகும்.

ஜவ்ஹார் சாலையில் காய்கறி ஏற்றிவரும் டெம்போக்காரர் ஜெயினுலாப்தீனும் தாராவிக்காரர்தான், களக்காட்டுப் பக்கம். அவரைப் போனில் பிடித்தார்.

“ஏ சைனுலு, ஓட மொகத்துல வண்டிய நிறுத்தி, அந்தச் சோமிகிட்ட சொல்லணும். யாரையும் கிட்ட சேக்காம தனியா இருக்கணும்னு.”

“யக்கா, கொரோனான்னு சொன்னா அவுக சிரிப்பாக. அங்க யாருக்கும் வரலைல்லா, எல்லாம் கவருமெண்டு புளுகுன்னு போன வாரம்தான் என்கிட்ட சொன்னாவ.”

அகிலாண்டத்துக்கு அம்மை நினைவுக்கு வந்தது. ஊரில் அம்மை போட்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் போதும். யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். உள்ளே போக மாட்டார்கள். தாராவியிலும் அப்படித்தான். பாடாவிலும் மாரி ஆயி உண்டு என்று சோமி சொல்லியிருந்தார். ஊரில் சீக்கு வந்தால் ஒரு சின்ன மரவண்டியில் சோறும் குங்குமமும் வைத்து, மாரியை எல்லை தாண்டி அனுப்பிவிட்டு வருவார்களாம்.

“கொரோனான்னு சொல்லாத. மாதுங்கா பூக்காரிக்கு மாரி எறங்கிருக்கா, அவ மோந்த கூடைய மோந்தவ வீட்டுக்குள்ள இருக்கப்படாதுன்னு சொல்லு.”

“பொய்யா யக்கா?”

“நீ போயிச் சொல்லுதியா, இல்ல நான் இங்கேருந்து எந்திரிச்சுப் போகட்டா?”

ஜெயினுலாப்தீன் போனார். ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று கூவினார். கேட்டவர்கள் பாடாவுக்குச் சேதி கொண்டு ஓடினார்கள். அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். அதற்குள் மறுபடி ஊரடங்கு வந்தது, வண்டி ஓடவில்லை. அகிலாண்டம் முகாமிலிருந்து வீட்டுக்கு வந்தார், மணம் மெல்லத் திரும்பியது. பாடாவிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. மாரிசெல்வி தட்டில் வைத்த சோறு அந்த நாட்களில் பாதி அப்படியே இருக்கும். கடை திறக்க முடியாத கவலை என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

வைகாசிக் கடைசியில்தான் ஜெயினுலாப்தீன் அந்தச் சாலையில் மறுபடி போனார். சோமிக்குக் காய்ச்சல் வந்தது உண்மை. அதற்கு முன்பே அவரை மல்லித்தோட்டத்துக் காவல் குடிசையில் தனியாக வைத்துவிட்டார்கள். பாறைமேல் கஞ்சியை வைத்துவிட்டுத் தள்ளி நின்று கூப்பிடுவார்கள். அன்று அவரோடு ரயிலில் வந்த நாத்தனாருக்கும், கிழவர் ஒருவருக்கும் வந்தது. கிழவரைக் கட்டிலோடு தூக்கி ஜீப்பில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்து வந்து, ஆஸ்பத்திரிச் சோற்றில் உப்பில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குமேல் பரவவில்லை.

கதை அதோடு நின்றிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். நல்லதுக்குச் சொன்ன பொய்யும் பொய்யின் வேலையைச் செய்யாமல் விடாது. மழை முடிந்தபின் தடுப்பூசி போட சாருலதா என்ற நர்ஸ் பாடாவுக்கு நடந்து போனார். யாரும் கை நீட்டவில்லை. வந்தது மாரி, அவளைச் சோறு போட்டு எல்லை தாண்டி அனுப்பியாகிவிட்டது, போனவளை ஊசி போட்டு ஏன் திரும்ப அழைப்பது என்றார்கள். மாரி என்று உங்களுக்கு யார் சொன்னது என்று நர்ஸ் கேட்டார். மாதுங்கா பூக்காரி என்றார்கள்.

ஜெயினுலாப்தீன் வந்து இதைச் சொன்னதும் அகிலாண்டம் கடையை அடைத்துவிட்டு டெம்போவில் ஏறினார். மும்பைக்கு வந்த இத்தனை வருஷத்தில், ஊருக்குப் போவதற்கல்லாமல் நகரத்தைத் தாண்டியது அதுவே முதல்முறை. டெம்போ வழியெல்லாம் குலுக்கியது. ஓடையில் முழங்கால் நனைந்தது. நனைந்த புடவையோடு பாடாவின் மாமரத்தடியில் நின்று, தன் பாதி மராத்தியில் சொன்னார்: வந்தது மாரி இல்லை. என்னிடமிருந்து வந்த சீக்கு. நீங்கள் கேட்க வேண்டுமே என்று மாரி என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த கிழவரின் மனைவி முன்னால் வந்தார்.

“அப்படியானால் நாங்கள் வண்டியில் வைத்த சோற்றை யார் சாப்பிட்டது?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். அகிலாண்டம் சிரிக்கவில்லை. என் பேத்திக்கு அம்மை ஊசியும் போட்டோம். பிறகு வேறொரு பிள்ளைக்கு அம்மை வந்தபோது வேப்பிலையும் கட்டினோம். மாரி இன்றுவரை கோபித்துக்கொள்ளவில்லை என்றார். கிழவி அதை ஒப்புக்கொண்டாரா என்று சொல்ல முடியாது. ஊசி போட்டால் காய்ச்சல் வருமா என்று கேட்டார். வரும், எனக்கு ஒரு ராத்திரி வந்தது, மறுநாள் சந்தைக்குப் போய்ச் சண்டை போட்டேன் என்றார் அகிலாண்டம். சண்டை என்றதும் சோமி முதலில் போய் உட்கார்ந்தார். பின்னால் நாத்தனார், அவருக்குப் பின்னால் கிழவி. சாருலதா கொண்டுவந்த மருந்தில் பெரும்பாலும் செலவாகிவிட்டது. மறுபடி வரும்போது இன்னும் கொண்டுவருவதாகச் சொல்லிப் பெட்டியை மூடினார்.

கிளம்பும்போது சோமி அகிலாண்டத்தைக் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனார்.

“மாவ்ஷி, உன்னிடமிருந்துதான் வந்தது என்று ஏன் சொல்கிறாய்? அன்றைக்கு ரயிலில் நிற்க இடமில்லை. எத்தனையோ பேர் என்மேல் இருமினார்கள்.”

அது நியாயம்தான். யாரிடமிருந்து யாருக்கு என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது என்று கூடவே வந்த சாருலதாவும் சொன்னார். நாத்தனார் கூடைப்பக்கமே போகவில்லை, ரயிலில் மட்டும்தான் வந்தார் என்பதையும் சோமி எடுத்துக்காட்டினார். ஊசி போட்டாகிவிட்டது, யாரும் அகிலாண்டத்தைக் குற்றம் சொல்லவில்லை, இனி யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. டெம்போவை எடுக்க ஜெயினுலாப்தீன் ஓடைக்கு அந்தப் பக்கம் காத்திருந்தார்.

அகிலாண்டம் சோமியின் கையை விடுவித்துக்கொண்டார். மாமரத்தடிக்குத் திரும்பி நடந்து, கலைந்துகொண்டிருந்தவர்களை மறுபடி கூப்பிட்டார்.

“ரயில் இல்லை. என்னிடமிருந்துதான்,” என்றார்.

பிறகு ஓடையில் இறங்கினார். ஏன் அப்படிச் சொன்னார் என்று வழியெல்லாம் ஜெயினுலாப்தீன் கேட்டார். பின்னாளில் மாரிசெல்வி கேட்டாள், நானும் கேட்டேன். அவர் யாருக்கும் சொல்லவில்லை.