தனபால் சாரிடம் இருந்த என் மீட்டர்

தனபால் சார் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் சிவாஜிநகரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். போனில் டிரைவர் முனுசாமி. "மேடம், சார் போய்ட்டாரு. காலையில டீ குடிச்சிக்கிட்டே சாஞ்சிட்டாரு" என்று சொல்லி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. வோல்டேஜ் பார்க்கிற என் மல்டிமீட்டர் அவர் வீட்டில் எந்த மூலையில் கிடக்கிறதோ என்றுதான் முதலில் தோன்றியது. நீங்கள் என்னைத் திட்டுவதற்கு முன் மீதியையும் கேளுங்கள்.

எங்கள் கோல்ஃப் கிளப்பில் பேட்டரி வண்டிகள் நிறுத்தும் ஷெட்டுக்கு அவர் சூப்பர்வைசர். நான் எலக்ட்ரீஷியன். இரங்கல் கூட்டத்தில் ஒருவர் அவரை "பேட்டரியின் நாடி தெரிந்தவர்" என்று புகழ்ந்தார். நாடி பிடித்தது வாஸ்தவம்தான். சார்ஜில் இருக்கும் பேட்டரியின் மேல் உள்ளங்கையை வைப்பார், கண்ணை மூடுவார், "கதகதன்னு இருக்கும்மா, நல்ல உசுரு இருக்கு" என்பார். சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் இருப்பவற்றைவிட அதிகமாகச் சுடுகிற பேட்டரிதான் செத்துக்கொண்டிருக்கும் பேட்டரி. அதைத்தான் அவர் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்.

பேட்டரியில் ஊற்ற டிஸ்டில்டு வாட்டர் கேட்டால் அவருக்குக் கோபம் வரும். "ஊரே காவேரி தண்ணி குடிக்குது, உன் பேட்டரிக்கு மட்டும் ஆகாதா?" என்று குழாயடியிலிருந்து பிளாஸ்டிக் குடத்தில் பிடித்து வரச்சொல்வார். நான் ஒளித்து வைத்திருந்த கேனில் இருந்து ஊற்றுவேன். அவர் குடத்துத் தண்ணீரில் முகம் கழுவிக்கொள்வேன்.

இதைவிடப் பெரிய கூத்து ஆயுத பூஜையில் நடக்கும். ஒவ்வொரு வண்டியிலும் சீட்டுக்கு அடியில் ஆறு பேட்டரிகள் ஒன்றோடு ஒன்று கோத்திருக்கும். பூஜையன்று எல்லா வண்டிகளையும் கழுவி, வாழைக்கன்று கட்டி, வண்டிக்கு ஒரு புது பேட்டரி போடுவார். அதற்குச் சந்தனம், குங்குமம், கற்பூரம். "பண்டிகைக்கு ஒரு பிள்ளைக்கு மட்டும் துணி எடுப்பாங்களாம்மா? எல்லாத்துக்கும் ஒண்ணு ஒண்ணு" என்பது அவருடைய நியாயம். கமிட்டியில் இருந்த படித்த மேதைகளுக்கும் அந்த நியாயம் பிடித்திருந்தது. விளைவு, எந்த வண்டியிலும் இரண்டு பேட்டரிகள் ஒரே வயதில் இருக்காது. கிழடுகளோடு கோத்த புதுசு, அவற்றைச் சுமந்து சுமந்து, அடுத்த பூஜைக்குள் தானும் கிழடாகிவிடும். ஒரு வண்டிகூட உருப்படியாக ஓடாது.

வண்டி நின்றுவிட்டால் அவரிடம் ஒரே தீர்ப்புதான்: "காடி நின்னா மிதிச்சவன் தப்பு." பெரிய மனிதர்கள் வெயிலில் நடந்து வந்து கத்துவார்கள். இவர் டிரைவரின் பெயரை எழுதிக் கொடுத்துவிடுவார். முனுசாமியின் பெயர் அப்படி அடிக்கடி போயிற்று. கடைசியில் எட்டாவது குழிக்கு ஏறுகிற மேட்டில் முனுசாமி ஓட்டிய வண்டி நின்றுபோய், ஒரு ரிட்டயர்டு ஜட்ஜ் மாட்டிக்கொண்டார். முனுசாமியை வேலையை விட்டுத் தூக்குவதற்காகக் கமிட்டி கூடப்போகிறது என்று தெரிந்தது. நீலசந்திராவில் அவர் ஒருவர் சம்பளத்தில்தான் மொத்த வீடும் ஓடிக்கொண்டிருந்தது.

சும்மா நிற்கிற வண்டியில் மீட்டர் வைத்தால் எல்லா பேட்டரியும் யோக்கியன் மாதிரிதான் காட்டும். சுமை இழுக்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். அதனால் அந்த வண்டியை முழுசாகச் சார்ஜ் ஏற்றி, தண்ணீரைச் சரிபார்த்து, முனைகளில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டி, சீட்டைக் கழற்றிவிட்டு அதே மேட்டில் ஏற்றினோம். முனுசாமி நின்றபடி ஓட்டினார். நான் பின்னால் குந்திக்கொண்டு ஒவ்வொரு பேட்டரியாக மீட்டரின் கம்பியை வைத்துப் பார்த்தேன். பந்தடிக்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வோல்டேஜ் ஆறிலும் ஆறு தினுசாக இறங்கியது. ஒன்று பாதி மேட்டிலேயே படுத்துவிட்டது. தனபால் சார் முந்தின நாள் தட்டிக்கொடுத்த அதே பேட்டரி.

மீட்டரை அவர் மேஜையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். "இந்தப் பெட்டிக்கு என்னம்மா தெரியும், நேத்துப் பொறந்தது" என்றார். உண்மையைச் சொல்லி அவரிடம் ஒரு காரியமும் நடக்காது என்று புரிந்தது. வழியை மாற்றினேன். "சார், பழசோட புதுசைக் கலக்கக் கூடாதுன்னு நீங்க போன வருஷமே சொன்னீங்க. நாங்கதான் கேக்கல."

அப்படி ஒரு வார்த்தையை அவர் தன் வாழ்நாளில் சொன்னதில்லை. மீட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சொன்னேன்ல?"

"சொன்னீங்க சார்."

மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு கமிட்டி அறைக்குப் போனார். முனுசாமியையும் உள்ளே கூப்பிட்டார்கள். எனக்கு வெளியே பெஞ்சுதான்.

முனுசாமியின் வேலை தப்பியது. செத்த பேட்டரிகளைத் தூக்கிப் போட்டோம். ஏறக்குறைய ஒரே வயதில் இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்தோம். அதன்பின் ஒரு வண்டிக்கு மாற்றினால் ஆறையும் சேர்த்து மாற்றுவது என்று ஆயிற்று. கிளப்பில் அதற்குத் 'தனபால் முறை' என்று பெயர். என் மீட்டரைக் கையில் பிடித்தபடி அவர் நிற்கும் போட்டோ ஷெட்டில் இன்றும் தொங்குகிறது. "இது என்கிட்டயே இருக்கட்டும்மா, நாலு பேர் பாக்கக் கேப்பாங்க" என்று மீட்டரை வீட்டுக்குக் கொண்டுபோனார். வெள்ளைப் பெயிண்டில் தன் பெயரையும் அதன்மேல் எழுதிக்கொண்டார். நான் வேறு மீட்டர் வாங்க எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போதும் திட்டினேன், வரும்போதும் திட்டினேன்.

லிங்கராஜபுரத்தில் அவர் வீட்டு வாசலில், கையில் மாலையோடு முனுசாமி ஏங்கி ஏங்கி அழுததை என்னால் பொறுக்க முடியவில்லை. "அந்தப் பேட்டரி விஷயம் அவர் கண்டுபிடிச்சதில்ல முனுசாமி" என்றேன்.

"தெரியும் மேடம். காடிய ஓட்டுனதே நான்தானே" என்றார். "ஆனா உள்ள என்ன பேசுனாருன்னு உங்களுக்குத் தெரியாது. பேட்டரி கதையெல்லாம் அளந்து முடிச்சிட்டு, 'இவன் மேல நான் எழுதிக் குடுத்ததெல்லாம் தப்பு, தூக்கணும்னா என்னைத் தூக்குங்க'ன்னாரு. யாரும் கேக்கல, அவராத்தான் சொன்னாரு. வெளிய வந்ததும், 'அந்தம்மாகிட்ட சொல்லாதடா, சிரிக்கும்'னாரு."

நான் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷமாக ஒரு மனிதரை ஒரு குறையும் வைக்காமல் வெறுத்து வந்திருக்கிறேன். பாடையில் படுத்துக்கொண்டு அதில் ஓட்டை போட்டுவிட்டார். அவரோடு சண்டை போடவும் வழியில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் அவர் மனைவி ஒரு மஞ்சள் பையை என்னிடம் நீட்டினார். "உசுரா வெச்சிருந்தாரும்மா. நீங்க வெச்சுக்கோங்க." ஷெட்டுக்குக் கொண்டுவந்து மீட்டரைத் திறந்தேன். உள்ளே இருந்த சின்ன பேட்டரி கசிந்து, பச்சை பூத்து, எப்போதோ செத்துப்போயிருந்தது. பேட்டரியின் நாடி தெரிந்தவர் அதை ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை. சுரண்டித் துடைத்துப் புதுசு போட்டேன். பெயரை அழிப்பதற்குத் தின்னரும் பஞ்சும் எடுத்தேன். முதல் எழுத்தின் மேல் பஞ்சை வைத்தவள், எடுத்துவிட்டு, தின்னர் பாட்டிலை மூடிவைத்தேன்.

தனபால் சாரின் நினைவாக என்னிடம் இருப்பது என்னுடைய மீட்டர்தான், அவர் பெயரோடு.