பன்னிரண்டு பேருக்கு ஒரே பெயர்

எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்ற திமிர் அந்த நாளில் கொஞ்சநஞ்சமல்ல. தருமபுரியில் பெண்கள் பள்ளியில் வேலை. வயது இருபத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று யாராவது பேச்செடுத்தால் இனி எடுக்காதபடி வாயை அடைத்து அனுப்புவேன். கோபம் மூக்குக்கு மேல் வரும். பிள்ளைகள் என்னைக் கண்டால் நடுங்கினார்கள், அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

நாற்பத்திரண்டில், ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பர்மாவிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தவர்களில் சில குடும்பங்களை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பென்னாகரம் ரோட்டில் காலியாகக் கிடந்த கடலைக்காய்க் கிடங்கில் குடிவைத்தார்கள். அவர்களுடைய அப்பா, தாத்தாமார் எப்போதோ இந்தப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறியவர்கள். இவர்களில் பாதிப்பேர் அங்கேயே பிறந்தவர்கள், இந்த மண்ணை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. ராகிக் களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்றுகூடத் தெரியாது. வாயில் போட்டு மென்றுவிட்டுத் திருதிருவென்று முழித்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அது ஒரு வாரத்துக்கு வேடிக்கையாக இருந்தது.

அவர்களுக்கு எது வேண்டுமென்றாலும் காகிதம் வேண்டும். வேலைக்கு, அரிசிக்கு, வழியில் தொலைந்துபோனவர்களைத் தேடுவதற்கு, எல்லாவற்றுக்கும் சேலத்தில் இருந்த அலுவலகத்துக்கு மனு எழுத வேண்டும். அதிகாரி வெள்ளைக்காரர். இங்கிலீஷில் எழுதினால் சீக்கிரம் நடக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள், அது பொய்யும் இல்லை. இவர்களுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும் என்று தாசில்தார் எங்கள் தலைமை ஆசிரியையைக் கேட்டார். அவர் என்னைக் கைகாட்டினார். பள்ளி விட்டதும் தினம் நாலரை மணிக்குக் கிடங்குக்குப் போய் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன்.

கையில் ஒரு மெல்லிய புத்தகம் கொடுத்திருந்தார்கள். நல்ல குடிமக்கள் தபாலாபீசில் எப்படி நடந்துகொள்வது, போலீஸ்காரர் கேட்டால் என்ன சொல்வது, வரிசையில் எப்படி நிற்பது, ஓட்டு எப்படிப் போடுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடம். அந்தக் கிடங்கில் ஒருவருக்கும் ஓட்டுக் கிடையாது. இருந்தாலும் ஓட்டுப் பாடத்தை விடாமல் நடத்தினேன். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் அன்றாடப் பேச்சில் வரும் தொடர்கள் நாலைந்து இருக்கும். ஒரு நாள் ‘ஃப்ரம் ஹேண்ட் டு மவுத்’ என்று வந்தது. கைக்கு வருவது வாய்க்கே சரியாய்ப் போகிற பிழைப்பு என்று விளக்கினேன். பின்வரிசையில் இருந்த ஆலைத் தொழிலாளி ஒருவர், “கையிலருந்து வாய்க்குப் போவாம வேற எங்கங்க டீச்சர் போவும்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான்கூடச் சிரித்தேன்.

முன்வரிசையில் தினமும் முதலில் வந்து உட்காருபவள் ஒருத்தி. இருபத்திரண்டு வயதிருக்கும். தனியாக வந்தவள். பர்மாவிலிருந்து வரும் வழியில் ஒரு பெரிய ஆற்றைக் கடக்கும்போது, பெண்களை முதல் படகில் ஏற்றியிருக்கிறார்கள். புருஷன் இவளை ஏற்றிவிட்டு, “நீ போ, அடுத்த படகுல வந்துடறேன்” என்றானாம். அடுத்த படகு வந்தது, அவன் வரவில்லை. இரண்டு நாள் கரையில் உட்கார்ந்திருந்தவளைப் போலீஸ்காரர்கள் எழுப்பி நடக்கவைத்தார்கள். கிடங்கில் இருந்த யாருக்கும் அவள் புருஷனைத் தெரியாது. அவனைத் தேடி மனு எழுதத்தான் இங்கிலீஷ் படிக்க வந்தாள். வேறு எதற்கும் இல்லை. அவளைப்போல் படித்தவர்களை என் பள்ளியிலேயே நான் பார்த்ததில்லை.

மனு எழுதும் பாடம் வந்தது. கடைசியில் ‘யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்’ என்று எழுதி முடிக்க வேண்டும் என்றேன். பணிவான வேலைக்காரன் என்று அர்த்தம் சொன்னதும் அவள் தலை நிமிர்ந்தாள். “நாங்க அவருக்கு வேலைக்காரங்க இல்லீங்களே டீச்சரம்மா?”

“மனுன்னா அப்படித்தான் எழுதுவாங்க. அது ஒரு வழக்கம். அர்த்தம் பார்க்காம எழுது” என்றேன்.

அடுத்த நாள் குடும்ப விவரங்கள். ‘மை ஹஸ்பண்ட்ஸ் நேம் இஸ்’ என்று சொல்லி நிறுத்தி, பெண்களைப் பெயர் சொல்லச் சொன்னேன். பன்னிரண்டு பெண்களும் தரையைப் பார்த்தார்கள். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும். எனக்குத் தெரியாததா? என் அம்மாவே அப்பா பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒருத்தி தைரியமாக, “அதோ உக்காந்திருக்காருங்களே, அவரையே கேட்டுக்கங்க டீச்சர்” என்று பின்வரிசைப் பக்கம் கை காட்டினாள். மற்றவர்களும் அவரவர் ஆளைக் காட்டினார்கள். கைகாட்ட ஆளில்லாதவள் அவள் ஒருத்திதான். மெல்ல, “பழனி மலை மேல நிக்கிறவரு பேருங்க” என்றாள்.

நான் ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் போதும். அந்தச் சாமிக்கு எத்தனை பெயர் இருந்தால் என்ன, ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டிருந்தால் எது என்று தலையாட்டியிருப்பாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. “விடுகதை போட இங்கே நேரமில்லை” என்று சொல்லிவிட்டு, பலகையில் ஒரு பெயரை எழுதினேன். எந்தத் தெருவிலும் நாலு பேருக்கு இருக்கிற பெயர். எல்லோரும் இதையே சொல்லுங்கள் என்றேன். இது யாருக்கும் புருஷன் இல்லையே, அதனால் பன்னிரண்டு பேரும் கூச்சமில்லாமல் சொன்னார்கள். “பன்னெண்டு பேருக்கும் ஒரே ஆளா, பாவங்க அவன்” என்று பின்வரிசையில் கிண்டல் செய்தார்கள். என் சாமர்த்தியத்தை நினைத்து நானே பூரித்துப்போனேன். மறுநாள் பள்ளியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

ஆவணியில் அவள் மனுவை எழுதி முடித்தாள். ஆலை, ஊர், வயது, நெற்றியில் இருந்த தழும்பு எல்லாம் தெளிவாக இருந்தது. நான் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பலகையில் நான் எழுதிய அதே பெயர் அதில் இருந்தது, அதிலும் பிழை இல்லை. அவள் புருஷனுக்கும் அதே பெயர்தான் போலிருக்கிறது என்று நினைத்தேனா, ஒன்றுமே நினைக்கவில்லையா, இன்றைக்கு எத்தனை யோசித்தாலும் தெரியவில்லை. நன்றாயிருக்கிறது என்று சொல்லி நானே தபாலில் சேர்த்தேன்.

பதில் வர ஒன்றரை மாதம் ஆயிற்று. அப்படி ஒருவர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்று இரண்டே வரி. மறுபடி எழுதினாள், மறுபடி அதே இரண்டு வரி. செவ்வாய்க்கிழமை தோறும் பட்டினி இருந்தாள். தினமும் தபாலாபீசுக்குப் போய், நான் கற்றுக்கொடுத்தபடி, “எனி லெட்டர் ஃபார் மீ, சார்?” என்று கேட்பாள். போஸ்ட்மாஸ்டர் நம் ஊர்க்காரர். “இல்லம்மா” என்று தமிழிலேயே சொல்லி அனுப்புவார்.

மாசியில் எனக்கே மனசு கேட்கவில்லை. நேரிலேயே போய்க் கேட்கலாம் என்று அவளைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் போனேன். அலுவலகத்தில் வயதான குமாஸ்தா ஒருவர் இருந்தார். நல்ல மனுஷர். இரண்டு பதில்களையும் படித்துவிட்டு, “பேரை விடும்மா. எழுதறவங்க தப்பா எழுதியிருப்பாங்க. என்ன வேலை, எந்த ஊர், அதைச் சொல்லு” என்றார். சொன்னாள். அவர் நாலைந்து பட்டியல்களில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

“ஒருத்தர் இருக்காரு. அஸ்ஸாம் பக்கம் ஆஸ்பத்திரியில. அரிசி ஆலை, அதே ஊர்தான். பேர்தான் வேற” என்று அந்தப் பெயரை வாசித்தார்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவசரக்குடுக்கை, “இவர் இல்லைங்க, இவ வீட்டுக்காரர் பேர் வேற” என்றேன்.

“அவருதாங்க டீச்சரம்மா” என்றாள்.

“அப்போ நீ எழுதினது?”

“அது மனுவுக்கு எழுதுற பேருங்களே. வேலைக்காரின்னு எழுதறமே, அதாட்டம். ஊரு, வேலை, தழும்பு எல்லாம் நெசத்தைத்தானுங்க எழுதினேன்.”

நான் பலகையில் எழுதிய பெயர் அது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளோ அதற்குள் மேஜை மேல் குனிந்துவிட்டாள். பட்டியலில் பெயருக்கு நேராக இங்கிலீஷில் குறிப்புகள் இருந்தன. யாரும் படித்துச் சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். ‘என்க்வயரிங் ஃபார் வைஃப்’ என்று படித்தபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அடுத்த கட்டத்தில் ஒரே ஒரு வார்த்தையும் ஒரு தேதியும் இருந்தன. குமாஸ்தா கையால் மறைக்கப் பார்த்தார். அவள் படித்துவிட்டாள். தேதி தை மாதத்தில் விழுந்தது. ஆவணியில் நாங்கள் முதல் மனுவைத் தபாலில் போட்டபோது அவன் உயிரோடு இருந்திருக்கிறான். ஐந்து மாதம் அங்கே படுத்துக்கொண்டு அவளை விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

குமாஸ்தா தயங்கித் தயங்கி, பதிவுக்காக அவள் வாயால் ஒரு தரம் பெயரைச் சொல்ல வேண்டும் என்றார். நிமிர்ந்து நின்று, சத்தமாக, தடுமாறாமல் சொன்னாள். குறைவதற்கு இனி அங்கே ஆயுசு இல்லை.

திரும்பும்போது, பெட்ரோல் பஞ்சத்தில் கரிவாயுவில் ஓடிய பஸ் தொப்பூர் மேட்டில் மூச்சுத் திணறி நின்றுவிட்டது. வழக்கம்போல எல்லோரையும் இறக்கி நடக்கச் சொன்னார்கள். நல்ல வெயில். அவள் எனக்குப் பக்கத்தில் நடந்து வந்தாள். நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது. அதற்கு இங்கிலீஷ்கூட வேண்டாம், தமிழில் சொன்னால் போதும். வாய் வரை வந்தது. சொன்னால் அவள் என்னை எப்படிப் பார்ப்பாளோ என்று பயந்தேன், அவ்வளவுதான் காரணம்.

மேடு ஏறி முடிக்கும் இடத்தில் அவள் நின்றாள். “உங்க பாடத்துக்குக் கெட்ட பேரு வாங்கிக் கொடுத்துட்டேங்க டீச்சரம்மா. நாந்தான் சரியா வெளங்கிக்கல. மன்னிச்சுக்கங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

“பரவாயில்லைம்மா. நட, பஸ் கிளம்பிடும்” என்றேன்.