வெர்னா கெட்டித்த கடைசி மருந்து

என் அம்மா வெர்னா ஹாக்கன்பெரி, பென்சில்வேனியா மலைச் சாலைகளில் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். மான் வேட்டைக்கு அவளுக்கு ஒரே பருவம்தான். கிறிஸ்துமஸ் கழிந்து, சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கு மட்டும் அனுமதி உள்ள வாரங்கள்.

வெடிமருந்துக் குருணையை இங்கே எஃப் கணக்கில் சொல்வார்கள். எஃப் கூடக்கூடக் குருணை பொடியாகும். அம்மாவின் துப்பாக்கி ஐம்பத்துநான்கு காலிபர். அதற்கு ரவை போன்ற இரண்டு எஃப்தான் போடுவாள். நான் வேதிப் பொறியாளர். மூன்று எஃப் போட்டால் கரி குறைவாகப் படியும், மருந்தும் குறைவாகப் போதும் என்று சோதித்துச் சொன்னேன்.

"உன் கிராஃப் மானுக்குத் தெரியுமாடி? மருந்து மெதுவா தள்ளணும். கியர் மாத்துற மாதிரி."

பிறகு, "சரி, பாக்கலாம்" என்பாள். பார்த்தாளா என்று தெரியாது. அக்டோபரில் இறந்துவிட்டாள்.

ஜனவரியில், அவள் தம்பி எல்வுட் மாமாவின் கொட்டகையில் துப்பாக்கியை இறக்கி, குழலுக்குள் மருந்து இடிக்கும் கோலை விட்டேன். முழுக்க இறங்கவில்லை. கோலில் அம்மா இரண்டு கோடுகள் கீறியிருந்தாள்: ஒன்று காலிக் குழலுக்கு, ஒன்று மருந்தும் குண்டும் கெட்டித்த குழலுக்கு. கெட்டித்த கோடு குழல் வாயோடு சரியாக நின்றது.

"உங்கம்மா பண்ண வேலையப் பாரு," என்றார் மாமா. "வெளியே பொறி விழற கிண்ணத்து மருந்தைத் தட்டிட்டா சட்டத்துக்கு அது காலித் துப்பாக்கி. அதுக்குன்னு பருவம் முடிஞ்சும் அப்படியேவா மாட்டி வைப்பா?"

"சோம்பேறித்தனம்," என்றேன்.

"குண்டை உருவிடலாம். குண்டுல துளைச்சு இழுக்கற திருகு இருக்கு. மருந்தைக் கையில கொட்டிப் பாரு. ரெண்டா மூணான்னு தெரிஞ்சிரும்."

தெரிந்துவிடும். ஆனால் அவள் கையால் கெட்டித்த வெடியில் இது ஒன்றுதான் மிச்சம். உருவினால் அதைக் கேட்க முடியாது.

"சுடறேன் மாமா."

"ஒரு வருஷ ஈரம். புஸ்ஸுன்னு போனா எங்கிட்ட அழக்கூடாது."

கொட்டகைக்குப் பின்னால் மண்மேட்டைக் குறிவைத்தேன். கிண்ணத்தில் மட்டும் என் பொடி. கிண்ணம் பளீரென்று எரிந்து அணைந்தது. குழல் பேசவில்லை. தாமதித்தும் வெடிக்கலாம் என்று துப்பாக்கியைத் திருப்பாமல் அப்படியே பிடித்துக் காத்திருந்தேன். பிறகு கிண்ணத்திலிருந்து குழலுக்குத் தீ போகும் துளையை ஊசியால் குத்தி, மறுபடி பொடி வைத்தேன்.

இம்முறை வெடித்தது. அடித்தொண்டையிலிருந்து வந்த கனத்த ஓசை. தோளில் அறை விழவில்லை. யாரோ உள்ளங்கையால் அழுத்தியதுபோல் இருந்தது.

"ரெண்டு எஃப்," என்றார் மாமா. "பிடிவாதக்காரி."

காற்றில்லை. புகை கலையாமல் நின்றது. கலையும் வரை அதற்குள் நின்றேன்.

அன்றே கழுவாவிட்டால் கரியிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெந்நீர் ஊற்றினேன். கன்னங்கரேலென்று வந்தது. சாம்பல் நிறமாகத் தொடங்கியதும், அம்மாவின் கரி உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே, நிறுத்தினேன்.

"இன்னும் ஊத்தும்மா."

"நாளைக்கு மாமா."